நடுக்கடலில் இழுவை குறையும் மோட்டார்



"ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறந்தது என்று எத்தனை தடவை சொல்வீங்க டீச்சர், கடல் பக்கமும் கொஞ்சம் எழுதுங்க" என்று காசிமேட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். சரி, இன்று படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் கதை.

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நிற்கும். அலையைத் தாண்டி அவற்றுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் நம் கட்டுமரக்காரர்கள். தலையில் மாட்டிய கூம்புத் தொப்பிக்குள் கடிதம் நனையாமல் இருக்கும். கட்டுமரம் என்ற சொல்லையே ஆங்கிலக்காரன் எடுத்துக்கொண்டான். அந்த மரத்தில் ரிப்பேர் ஆக என்ன இருக்கிறது? காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு.

படகில் மாட்டிக் கழற்றும் மோட்டாரை 1909 வாக்கில் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் செய்து விற்பனையில் வெற்றி கண்டார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் படகு வலித்துக் களைத்ததில் பிறந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். நம் நாட்டில் மீன்பிடிப் படகுக்கு இயந்திரம் பொருத்துவது 1952-ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டத்தால் கேரளத்தில் சூடுபிடித்தது. 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது. கரையில் இழுத்து ஏற்றக்கூடிய படகுகளை அவர்கள் செய்து பார்த்தார்கள்.

ஆனால் நம் கரையை அடியோடு மாற்றியது 2004 சுனாமி. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் குறைந்தது, பாய் மறைந்தது. என்னைக் கேட்டால், நிவாரணம் கொடுத்தவர்கள் படகோடு ஒரு பாயையும் கொடுத்திருக்கலாம். ஃபைபர் படகைத் துடுப்பால் எவ்வளவு தூரம் தள்ள முடியும்? 2001-ல் எண்ணூர் துறைமுகமும் இயங்கத் தொடங்கி, பிறகு காட்டுப்பள்ளியும் வந்துவிட்டது. பெரிய கப்பல் வரும் வழியில் மோட்டார் மூச்சு வாங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்து இன்று மெக்கானிக்காக இருக்கும் பிள்ளைகளிடம் நான் கற்றது இது. முதலில் காதைத் தீட்டு. சத்தம் ஏறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் மோட்டாரில் குறையில்லை. புரொப்பல்லரின் உள்ரப்பர் வழுக்குகிறது, அல்லது பின் முறிந்திருக்கிறது. சத்தமும் சேர்ந்து இறங்கினால், மோட்டாரை நிறுத்திவிட்டு வலையோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கிறதா பார்.

அடுத்தது எரிபொருள். டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகை அலைநீர் புகாமலிருக்க மூடிவிட்டு மறந்துபோவது உண்டு. கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறும். குழாயில் இருக்கும் ரப்பர் பல்பு சப்பையாக ஒட்டிக் கிடந்தால் அதுதான் காரணம். பல்பை அமுக்க அமுக்க வேகம் திரும்புகிறதா? அப்போது எரிபொருள் பம்பைச் சந்தேகப்படு. ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று எரியாவிட்டால் படபடவென்று நடுங்கிக்கொண்டு பாதி வலுவில் ஓடும். நிறுத்திவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்று. எரியாத பக்கத்துப் பிளக் ஈரமாக இருக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டாரில் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். மாற்றுப் பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் இல்லாமல் கடலுக்குப் போகாதே.

கடைசியாகச் சொன்னாலும் எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு முக்கியமானது இதுதான். மோட்டார் கீழே கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். மேலே மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது நின்றால் சூடேறி இழுவை போகும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உடனே நிறுத்து. துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பார். அதற்கும் வரவில்லையென்றால் உள்ளே ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும்.

கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆழமில்லாத இடத்தில் மோட்டார் தண்ணீரோடு சேற்றையும் சேர்த்து உறிஞ்சும், இம்பெல்லர் சீக்கிரம் தேயும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. பழைய மோட்டார் படுத்தால் ஓட்டுகிறவனை மட்டும் திட்டுகிறவர்கள், அது எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று கேட்பதில்லை.

கரைக்கு வந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீர் டிரம்மில் இறக்கி, கியர் போடாமல் சில நிமிடம் ஓடவிட்டால் உப்பும் சேறும் கழுவிப் போகும் என்கிறார்கள் மெக்கானிக் பிள்ளைகள். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் தெருவில், மோட்டாருக்கு ஒரு டிரம் ஒதுக்கச் சொன்னால் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.