ஜெருசலேமுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குறி

ஹீப்ருவில 'ஸ்', 'ப்', 'ர்' எண்டு மூன்று எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்தால் எப்படி வாசிப்பீங்கள்? 'செஃபெர்' என்றால் புத்தகம். 'சப்பார்' என்றால் முடி வெட்டுபவர். 'சஃபார்' என்றால் எண்ணினான். மூன்றுக்கும் எழுத்து ஒன்றுதான். ஹீப்ருவின் 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகள். அதில ஒருசில மட்டும் உயிரொலிக்கும் உதவும். மிச்சத்தை வாசிக்கிற ஆள்தான் இட்டு நிரப்ப வேணும்.

வீட்டில பேசுற மொழியாக இருக்கும் வரைக்கும் இது பிரச்சினையே இல்லை. பேச்சு நின்று, வேதமும் வழிபாடும் படிப்பும் மட்டும் மிஞ்சினபோது சரியான வாசிப்பு தொலைந்துவிடும் என்ற பயம் வந்தது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை, கலிலேயக் கடலோரத்துத் திபேரியாஸ் நகரில் மஸோரெத்தியர் எனப்பட்ட அறிஞர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஆனால் வேத எழுத்தில ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ ஏலாது. அதனால எழுத்தைத் தொடாமல், அதன் கீழும் மேலும் உள்ளும் புள்ளிகளையும் சின்னக் கோடுகளையும் வைத்தார்கள். இதுதான் 'நிக்குட்'. கீழே ஒரு கோடு 'பத்தாஹ்', அதாவது 'அ'. கீழே ஒரு புள்ளி 'ஹிரிக்', அதாவது 'இ'. 930 அளவில் உருவான அலெப்போ சுவடியில் மெய்யெழுத்துகளை எழுதியவர் ஒருவர், புள்ளி வைத்தவர் ஆரோன் பென் ஆஷெர் என்ற இன்னொருவர்.

இவர்களைச் சோதித்த சொல் ஜெருசலேம். வேதத்தில் அநேகமான இடங்களில அது 'யெருஷலெம்' என்று வாசிக்கக்கூடிய மாதிரித்தான் எழுதப்பட்டிருக்கு. ஆனால் மரபான வாசிப்பு 'யெருஷலாயிம்'. நடுவில வரவேண்டிய 'ய்' எழுத்தே அங்க இல்லை. சேர்க்கவும் முடியாது. எனவே 'ல்' எழுத்தின் கீழேயே 'அ', 'இ' இரண்டு குறிகளையும் பக்கத்தில பக்கத்தில வைத்துவிட்டார்கள்.

ஆயிரம் வருசம் கழித்து இதே சொல் கணினியையும் மாட்டிவிட்டது. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8859-8 என்ற குறியீட்டில் நிக்குட்டுக்கு இடமே இருக்கவில்லை. பிறகு விண்டோஸ் இடம் கொடுத்தது. ஆனால் கப்ஸ் லொக்கைப் போட்டு, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு 7 அடித்தால் பத்தாஹ், 4 அடித்தால் ஹிரிக். இதை யார் பாடமாக்கிறது? 2013இல் திருத்தப்பட்ட இஸ்ரேலியத் தரம் இதை இலகுவாக்கியது. வலப்பக்க ஆல்ட்டோடு 'பே' எழுத்தை அடித்தால் பத்தாஹ் வரும். பல குறிகளுக்கு அவற்றின் பெயரில வாற முதல் எழுத்தே விசை.

தட்டச்சு லேசானது. சிக்கல் உள்ளுக்குள்ள இருந்தது. நம்மட 'கொ'வை எடுங்கோ. யுனிகோடில் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தாலும், ஒரே குறியாகப் போட்டாலும் இரண்டும் ஒன்றென்றே கணினி எடுக்க வேணும். இல்லாட்டித் தேடினால் அகப்படாது. ஹீப்ருவிலும் ஒரே எழுத்தின் குறிகளை ஆளாளுக்கு வேறு வேறு வரிசையில அடிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். மென்பொருள் அந்த எண்படி அடுக்கிக்கொள்ளும். ஹிரிக்குக்கு 14, பத்தாஹ்வுக்கு 17. ஒரு எழுத்துக்கு ஒரு உயிர்க்குறி என்றால் இதில பிழையில்லை. ஜெருசலேமில் இரண்டு இருக்கு. 'அ', 'இ' என்று அடித்ததை அது 'இ', 'அ' என்று மாற்றி அடுக்கிவிடும்.

எண்ணை மாற்றினால் போதாதா? ஏலாது. ஏற்கெனவே சேமித்து வைத்த கோப்புகள் எல்லாம் குழம்பும் என்பதால் இந்த எண்கள் மாறாது என்று யுனிகோட் வாக்குக் கொடுத்திருக்கு. கடைசியில கண்டெடுத்த வழி, இரண்டு குறிகளுக்கும் இடையில கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைப்பது. அதன் பெயர் 'கம்பைனிங் கிராஃபீம் ஜொயினர்'. அதைத் தாண்டி எதையும் மாற்றி அடுக்க முடியாது.

திபேரியாஸில் எழுத்தைத் தொட முடியாமல் புள்ளி வைத்தார்கள். இங்க எண்ணைத் தொட முடியாமல் இன்னொரு குறி வைத்தார்கள். வாசிப்பைக் காப்பாற்றத்தான் இரண்டும்.

எப்பவாவது இந்தச் சொல்லைத் திருத்தும்போது அழிக்கிற விசையை அழுத்தியும் திரையில ஒன்றும் மாறாமல் இருக்கலாம். விசை பழுதில்லை. நீங்கள் அழித்தது அந்தக் குறியாக இருக்கும். திரும்பப் போட்டுவிடுங்கோ.