சாமுவேல் பீப்ஸின் சுருக்கெழுத்து டைரி

ஷார்ட்ஹேண்ட் என்றதும் நம்ம ஊரில் நினைவுக்கு வருவது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், லோயர், ஹையர் பரீட்சை, அப்புறம் ஒரு அரசாங்க வேலை. பிட்மேன் புத்தகத்தைப் பரணில் வைத்திருக்கும் சித்தப்பாவோ அத்தையோ பல வீடுகளில் உண்டு. அந்த பிட்மேன் தன் முறையை வெளியிட்டது 1837இல். அதற்கு 177 வருடம் முன்பே, லண்டனில் ஒருவர் யாரும் கேட்காமலே, தனக்காக மட்டும் தினமும் சுருக்கெழுத்தில் எழுத ஆரம்பித்திருந்தார்.

அவர் பெயர் சாமுவேல் பீப்ஸ். (ஆங்கில எழுத்தைப் பார்த்தால் பெப்பிஸ் என்று வாசிக்கத் தோன்றும். பீப்ஸ்தான் சரி.) கடற்படை நிர்வாகத்தில் அதிகாரி. 1660 ஜனவரி 1 அன்று டைரியைத் தொடங்கி 1669 மே 31 வரை எழுதினார். ஆறு தொகுதிகள், பன்னிரண்டு லட்சம் வார்த்தைகளுக்கு மேல்.

அவர் பயன்படுத்தியது தாமஸ் ஷெல்டன் என்பவரின் முறை. அதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. வார்த்தையின் நடுவில் வரும் உயிரெழுத்தை எழுதவே வேண்டாம். அடுத்த மெய்யெழுத்தை எந்த உயரத்தில் போடுகிறோம் என்பதிலேயே அது தெரிந்துவிடும். 'ப்' குறிக்கு நேர் மேலே 'ல்' குறியைப் போட்டால் பந்துக்கான ஆங்கிலச் சொல், நேர் கீழே போட்டால் காளைக்கான சொல்! இதற்கு மேல் அடிக்கடி வரும் சொற்களுக்கென்று நூற்றுக்கணக்கில் தனிக் குறிகள். அதற்கெல்லாம் வழி கிடையாது, மனப்பாடம்தான்.

பீப்ஸுக்கு இது ஆபீஸிலும் உதவியது. 1680இல் மன்னர் இரண்டாம் சார்லஸ், 1651 போரில் தோற்றுத் தப்பி ஓடிய கதையைச் சொல்லச் சொல்ல, பீப்ஸ் சுருக்கெழுத்தில் எடுத்தார். ஆனாலும் வெறும் வேலைக்காகக் கற்றவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஸ்டாம்ப் சேர்ப்பது மாதிரி, வெவ்வேறு ஆசிரியர்களின் சுருக்கெழுத்துப் புத்தகங்களைத் தேடிச் சேர்த்தவர் அவர். அந்தக் காலத்தில் படித்த இளைஞர்களிடம் இந்த மோகம் இருந்தது. நியூட்டன்கூட 1662இல் தன் பாவங்களின் பட்டியலை ஷெல்டன் முறையில்தான் எழுதி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை எலிப்பொறி செய்ததும் அதில் ஒரு பாவம் :-)

பீப்ஸின் டைரியில் 1665 பிளேக் இருக்கிறது, 1666 லண்டன் தீ இருக்கிறது, தீ நெருங்கியபோது பார்மசான் சீஸைத் தோட்டத்தில் புதைத்தது இருக்கிறது. வாங்கிய அன்பளிப்புகள், வீட்டு வேலைக்காரப் பெண்களிடம் நடந்துகொண்ட கேவலமான விதம் எல்லாமும் இருக்கிறது. மிகவும் அந்தரங்கமான இடங்களில் சுருக்கெழுத்தும் போதாமல் ஸ்பானிஷ், பிரெஞ்சு, லத்தீன் என்று கலந்து எழுதியிருக்கிறார்.

இதில் மனதை உறுத்துவது 1663 ஜனவரி 9ஆம் தேதிப் பதிவு. அவர் மனைவி எலிசபெத், வீட்டில் தனியாகக் கிடக்கும் தன் வாழ்க்கை எவ்வளவு சலிப்பாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதை அன்று கணவருக்குப் படித்துக் காட்டினார். எழுதியது சாதாரண ஆங்கிலத்தில். யார் கையில் கிடைத்தாலும் படித்துவிடலாம் என்பதுதான் பீப்ஸுக்குக் கோபம். கிழிக்கச் சொன்னார். எலிசபெத் மறுக்கவே, பிடுங்கி அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். அதில் எழுதியிருந்தது பெரும்பாலும் உண்மைதான் என்பதையும் அன்றைய டைரியில் ஒத்துக்கொண்டிருக்கிறார், சுருக்கெழுத்தில், பத்திரமாக! மனைவியின் மனக்குறை இன்று நமக்குத் தெரிவதே, அதைக் கிழித்தவர் எழுதிய இந்தக் கோடுகளால்தான்.

கண் போய்விடும் என்று பயந்து 1669இல் டைரியை நிறுத்தினார். கண் போகவில்லை. ஆனால் அதே வருடம் நவம்பரில் எலிசபெத் இறந்துபோனார். பீப்ஸ் 1703 வரை இருந்தார். அவருடைய சுமார் 3000 புத்தகங்கள், டைரியோடு சேர்த்து, 1724இல் கேம்பிரிட்ஜ் மாக்டலன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன.

அதன் பிறகு நூறு வருடம் அதை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. 1818இல் பீப்ஸின் நண்பர் ஜான் ஈவ்லினின் டைரி அச்சாகி நன்றாகப் போனது. அப்போதுதான் கல்லூரிக்கும் ஆசை வந்தது. வேலையை ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவரிடம் கொடுத்தார்கள். ஷார்ட்ஹேண்ட் தெரிந்த பிரபு ஒருவர் சில பக்கங்களைப் படித்து, குறிகளின் பட்டியல் ஒன்றும் போட்டுத் தந்திருந்தார். மீதி எல்லாம் ஸ்மித்தின் பாடு. 1819இலிருந்து 1822 வரை, பெரும்பாலும் ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம். எழுதி முடித்தபோது 54 நோட்டுகள், 9000 பக்கங்களுக்கு மேல். கூலி 200 பவுண்டு.

இத்தனைக்கும் ஷெல்டனின் பாடப்புத்தகம் அதே பீப்ஸ் நூலகத்திலேயே இருந்தது. டைரியோடு சாவியையும் சேர்த்தே விட்டுப் போயிருக்கிறார் மனுஷன். ஸ்மித்துக்கு அது தெரியவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் தெரியவில்லை.

1825இல் பிரேப்ரூக் பிரபு அதைப் பதிப்பித்தபோது பாதிக்கும் குறைவாகத்தான் அச்சேறியது. மானக்கேடான இடங்களை மறைக்காத முழுப் பதிப்பு 1970இல் தொடங்கி 1983இல்தான் முடிந்தது. ஸ்மித் பின்னாளில் பால்டாக் என்ற சிற்றூரில் பாதிரியாராகப் போனார். 1870இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.