பாதுவா நகரத்துப் பிடில் ஆசான்

பிடில் என்னும் வாத்தியம் நம் கச்சேரி மேடைக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலமே ஆகின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் இளைய சகோதரரான பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்று நம் இராகங்களுக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனைத் திருவிதாங்கூர் அரசவை வரை கொண்டு சென்றார். இவ்வரலாறு நம்மவர் பலரும் அறிந்ததே. ஆயின் அக்கருவி கடல் கடந்து வருமுன் அதன் பிறந்தகத்தில் அதனைப் பேணி வளர்த்தவர் யாவர் என்பதை நாம் அத்துணை அறிந்தோமில்லை. அவர்களுள் ஒருவராகிய ஜுசெப்பே தார்த்தீனியின் வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம். மேனாட்டார் பரோக் என வழங்கும் இசைக்காலத்தின் பிற்பகுதியில் புகழ் பெற்றவர் இவர். உலகம் இவரைப் பற்றி நினைவில் வைத்திருப்பதோ ஒரு பேய்க் கதையைத்தான். அக்கதையின் நிழலில் மறைந்துபோன உழைப்பையே நாம் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

தார்த்தீனி 1692-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பிரானோ என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். அன்று வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அவ்வூர் இன்று ஸ்லோவேனியா நாட்டைச் சேர்ந்தது. மகனைத் துறவியாக்கப் பெற்றோர் எண்ணினர். மகனோ பாதுவாப் பல்கலைக் கழகத்தில் சட்டம் பயிலச் சென்றார். அங்கும் ஏட்டைவிட வாட்போரிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி என்பர். 1710-இல் எலிசபெத்தா பிரெமசோரே என்னும் பெண்ணை மணந்தார். அத்திருமணம் நகரத்து ஆயரின் சினத்தைக் கிளறவே, மனைவியைப் பிரிந்து அசீசி நகரத்து மடமொன்றில் தஞ்சம் புகுந்தார். ஒளிந்து வாழ்ந்த அந்நாட்களிலேதான் பிடில் அவருக்கு உற்ற துணையாயிற்று.

பின்னர் ஊர் திரும்ப இசைவு கிடைத்தது. வாசிப்பில் ஓரளவு பெயரும் பரவியது. 1716-இல் வெனிஸ் நகரில் வெராச்சீனி என்னும் வித்துவானின் வாசிப்பைக் கேட்டார். அவ்வில்லின் ஆற்றல் தம் கைக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதை அக்கணமே உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. அவ்வயதில், அதுவும் கைதட்டல் பெறத் தொடங்கிவிட்ட பின், தம்மினும் வல்லவனைக் கண்டோர் பெரும்பாலும் குறை கூறிப் புறப்படுவர். இவரோ அங்கோனா நகருக்கு ஒதுங்கிச் சென்று வில்லைப் பிடிக்கும் முறை முதலாக மீண்டும் பயின்றார். அவர் வாழ்வின் பெருநிகழ்ச்சி எதுவெனக் கேட்டால் இதனையே நாம் கூறுவோம்.

இனிப் பேய்க் கதைக்கு வருவோம். லலாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் இத்தாலியப் பயண நூலில் இதனைத் தார்த்தீனியே கூறியதாக எழுதியுள்ளார். 1713-இல் ஓரிரவு கனவில் சாத்தான் தோன்றி அவருக்கு ஏவல் செய்ய ஒப்பியதாம். அதன் கையில் பிடிலைக் கொடுத்தபோது, மனிதர் எவரும் கேட்டிராத இசையை அது பொழிந்ததாம். விழித்தெழுந்து நினைவில் நின்றதை எழுதியதே சாத்தானின் நடுக்கம் எனப் பெயர் பெற்ற உருப்படி. அதன் நடை பிற்காலத்தது எனக் கருதும் ஆராய்ச்சியாளர் உளர். அது அச்சேறியதும் அவர் மறைந்த பின், 1798-இல்தான். இக்கதையின் பிற்பகுதியை உலகம் மறந்துவிட்டது. தாம் எழுதியவற்றுள் அதுவே சிறந்ததெனினும், கனவில் கேட்டதற்கு அது வெகுதூரம் தாழ்ந்திருந்ததால் பிடிலை உடைத்தெறிந்துவிடலாமா என எண்ணியதாகவும் அவர் சொன்னாராம். கனவில் வந்த சாத்தான் எவருடைய சாதகத்தையும் ஒரு நாழிகையேனும் குறைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை!

அவருக்கு உண்மையில் ஊக்கமளித்தவை வேறு. மெத்தஸ்தாசியோ முதலிய கவிஞரின் வரிகளைத் தம் கையெழுத்துப் படிகளின் தலைப்பில் பிறர் படிக்க இயலாத குறியெழுத்தில் எழுதிவைத்து, அவ்வுணர்ச்சியை இசையாக்கினார். பொதுமக்கள் பாடும் மெட்டுக்களிலும் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. இனி அவர்தம் செவியின் நுட்பத்தைக் காண்க. இரு தந்திகளைச் சுருதி பிசகாமல் ஒருசேர வலுவாக மீட்டினால், மீட்டாத மூன்றாவது ஒலியொன்று கீழ்ச்சுருதியில் கேட்பதை 1714-இல் கண்டறிந்தார். ஓர் ஒலிக்கு நொடிக்கு 660 அதிர்வும் மற்றதற்கு 440 அதிர்வும் இருப்பின், மூன்றாவது ஒலி அவற்றின் வேறுபாடாகிய 220-இல் கேட்கும். அது பெரிதும் நம் செவிக்குள்ளேயே உண்டாவது எனப் பிற்கால அறிவியல் விளக்கியது. அவரோ, மூன்றாம் ஒலி கேட்கவில்லையெனில் விரல் பிழையான இடத்தில் நிற்கின்றது என மாணாக்கருக்கு ஒரு சோதனையாகவே அதனை ஆக்கித் தந்தார்.

1721-இல் பாதுவாவின் புனித அந்தோணியார் பேராலயத்தில் முதல் பிடில் வித்துவானாக அமர்ந்தார். இடையில் 1723 முதல் 1726 வரை பிராக் நகரில் இருந்தது நீங்கலாக, வாழ்நாள் முழுதும் அவ்வூரே அவருக்கு ஊர். வெளிநாட்டு அழைப்புகள் வந்தும் அவர் அசையவில்லை. அவர் நிறுவிய பயிற்சிக்கூடத்துக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணாக்கர் வந்தமையால், அதனை நாடுகளின் பள்ளி என்றே அழைத்தனர். நம் கமகங்களைப் போல ஸ்வரங்களை அணிசெய்யும் முறைகளைப் பற்றி அவர் வரைந்த குறிப்புகள் கையெழுத்துப் படிகளாகவே பரவின. 1756-இல் லியோபோல்ட் மோசார்ட் வெளியிட்ட பிடில் நூலிலும் அவற்றின் பகுதிகள் இடம்பெற்றன.

அம்மாணாக்கருள் ஒருத்தி மத்தலேனா லொம்பார்தீனி. வெனிஸ் நகரத்து அறநிலையம் ஒன்றில் வளர்ந்த இளம்பெண். அவளுக்கு 1760-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் ஆசிரியர் ஒரு கடிதம் எழுதினார். அது முழுதும் பாடமே. வில் தந்தியைத் தொடும் முதற்கணம் அடிபோல் இராது மூச்சுப்போல் இருத்தல் வேண்டும். விரல் வையாத தந்தியில் மெல்லிய ஒலியிலிருந்து பேரொலிக்கு ஏறி மீண்டும் இறங்குதலை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும், காலையில் சிறிதும் மாலையில் சிறிதுமாகப் பழகுதல் வேண்டும். கொரெல்லியின் விரைவான உருப்படிகளை முதலில் மெதுவாகவும் பின் படிப்படியாக வேகமாகவும் வாசித்தல் வேண்டும் என்றெல்லாம் அதில் விளக்கியிருக்கின்றார். ஊரிலுள்ள ஆசிரியரை ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் மட்டும் கண்டு, எஞ்சிய நாட்களில் குறிப்பேட்டைக் கொண்டு பிள்ளைகளைச் சாதகம் செய்விக்கும் நம் காலனித் தாய்மார்க்கு இக்கடிதத்தின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. அதில் சாத்தானும் இல்லை, மாயமும் இல்லை.

தார்த்தீனி 1770-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் மறைந்தார். சில திங்கள் கழித்துப் பாதுவாவுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் பர்னி அவரைக் காணும் பேறு பெறவில்லை. எனினும் அக்கடிதம் அவ்வாண்டே அச்சாயிற்று. மறு ஆண்டு பர்னியே அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதே 1771-இல், திருமணத்தால் சிர்மேன் எனப் பெயர் மாறியிருந்த அம்மாணவி, தாமே இயற்றிய பிடில் உருப்படிகளை இலண்டன் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்.