இறகுப் படம்

இறகுப் படம் என்பது பறவையின் உடலை உண்மையான இறகுகளால் ஒட்டி, அலகையும் காலையும் கிளையையும் தூரிகையால் வரைந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைக்கும் சுவர்ப்படம். பழம்பொருள் கடைகளில் கிடைப்பவற்றில் பல, 20-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் பயணிகளுக்காகச் செய்து விற்கப்பட்டவை.

அந்நாட்டில் இக்கலைக்கு ஆழ்ந்த வேர் உண்டு. அஸ்டெக் அரசில் ‘அமந்தேக்கா’ எனப்பட்ட இறகுக் கைவினைஞர்கள், ஆர்க்கிட் கிழங்கிலிருந்து எடுத்த பசையால் இறகுகளை ஒட்டினார்கள். ஸ்பானியர் வந்தபின் அதே கைகள் கிறித்தவப் படங்களைச் செய்தன. அவற்றுள் 1539-இல் உருவான ‘புனித கிரகோரியின் திருப்பலி’ இன்று பிரான்சின் ஓஷ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மெக்சிகோவுக்கு வெளியே, இத்தாலியின் மிலானில் தியோனிசியோ மினாஜியோ என்ற தோட்டக்காரர் 1618-இல் 156 இறகுப் படங்கள் கொண்ட தொகுப்பை முடித்தார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் அதைக் காத்து வருகிறது. 400 ஆண்டுக்கு முந்தைய பறவையின் இறகையே நம் கண்ணால் பார்க்க முடிவது எத்தனை பெரிய பேறு!

ஓலைக்கூரை வேய்வதைப்போல இறகு ஒட்டுவதையும் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். வாலில் தொடங்கித் தலை நோக்கி ஒட்டினால்தான் மேல்வரிசை கீழ்வரிசையின் அடியை மறைக்கும்.

மயில், பனங்காடை இவற்றின் நீலம் சாயம் அன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. அதனால் நெடுநாள் நிற்கும். நிறமியால் வரும் மஞ்சளும் சிவப்பும் வெயில்பட்டால் வெளுத்துவிடும். அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் இறகைத் தின்னும். கண்ணாடி அழகுக்காக மட்டும் போட்டதன்று.

தமிழ் மரபில் இறகு படமாவதைவிட அணியாவதே மிகுதி. சங்க காலத்தில் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டினார்கள். முருகன் காவடியில் இன்றும் பீலி ஆடுகிறது.

தொப்பி அலங்காரத்துக்காக ஐரோப்பாவுக்கு அனுப்ப இந்தியாவில் கொக்கும் பனங்காடையும் மீன்கொத்தியும் ஏராளமாகக் கொல்லப்பட்டன. 1902-இல் இறகு ஏற்றுமதி தடை செய்யப்பட்டும் கடத்தல் நிற்கவில்லை. ஆனாலும் இன்றும் சுந்தரபாண்டியபுரம் போன்ற வயல்சூழ் ஊர்களில் மின்கம்பியில் மங்கலாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை, எழுந்து பறக்கும்போதுதான் அந்த நீலத்தை முழுதாகக் காட்டும். எந்தச் சட்டமும் அடைக்க முடியாத படம் அது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைக் கொல்வதைத் தடுக்கிறது. மயில் தானாக உதிர்த்த தோகை இறகை மட்டும் உள்நாட்டில் விற்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பிடுங்கிய இறகின் அடித்தண்டில் இரத்தக்கறை இருக்கக்கூடும். உதிர்ந்ததன் அடி சுத்தமாக இருக்கும்.