கார நூல் சிகிச்சை

கார நூல் சிகிச்சை (க்ஷார சூத்திரம்) என்பது, சீழ் பிடித்துப் புரையோடிய புண்களைக் காரமருந்து பூசிய நூலால் சிறிது சிறிதாக அறுத்து ஆற்றும் ஆயுர்வேத முறையாகும். ஆசனவாய் அருகே தோன்றும் பவுத்திர நோய்க்கு இது பெரிதும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் சித்த மருத்துவர்களும் இதனைக் கையாளுகின்றனர்.

நோயின் தன்மை

ஆசனவாய்ச் சுரப்பிகளில் தொற்று ஏற்பட்டால் சீழ்க்கட்டி உண்டாகும். கட்டி உடைந்தபின், குடலின் உட்புறத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே ஒரு துளைவழி நிலைத்துவிடுவதுண்டு. வெளிவாய் மூடினாலும் உள்ளே மீண்டும் சீழ் சேரும். பெரும்பாலும் இவ்வழி, மலத்தை அடக்கும் சுருக்குத்தசையின் ஊடே செல்கிறது. ஆழமான துளைவழியை ஒரேயடியாக வெட்டித் திறந்தால் மலத்தை அடக்கும் திறன் குறையக்கூடும்.

வரலாறு

மெலிந்தோர், வலுவற்றோர், அஞ்சுவோர் ஆகியோருக்கும், வர்ம இடத்தில் அமைந்த புரைகளுக்கும் கத்தியைத் தவிர்த்துக் கார நூலைப் பயன்படுத்துமாறு சுசுருத சங்கிதை கூறுகிறது. 11ஆம் நூற்றாண்டின் சக்கரதத்தம், கள்ளிப்பாலும் மஞ்சளும் பூசிய நூலைக் குறிப்பிடுகிறது. 1960களில் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டே முதலானோர் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர்.

தயாரிப்பு

உறுதியான நூலின் மீது 21 பூச்சுகள் இடப்படுகின்றன. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது பூசப்படும்.

* முதல் 11 பூச்சுகள்: இலைக்கள்ளிப் பால்
* அடுத்த 7 பூச்சுகள்: கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பும்
* இறுதி 3 பூச்சுகள்: கள்ளிப்பாலும் மஞ்சள்தூளும்

செய்முறை

மெல்லிய உலோகக் கம்பியின் துணையால் நூல் துளைவழியில் செலுத்தப்பட்டு, வெளியே முடிச்சிடப்படுகிறது. வாரம் ஒருமுறை, பழைய நூலின் முனையில் புதியதைக் கட்டி இழுத்து மாற்றுவர். காரம் அழுகிய திசுவை அரிக்கிறது. நூலின் இறுக்கம் தசையை மெதுவாக அறுக்கிறது. சீழ் தொடர்ந்து வடிகிறது. அறுபட்ட பகுதி பின்னாலேயே ஆறிவருவதால் தசையின் முனைகள் வெகுவாக விலகுவதில்லை.

ஆய்வு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்ட 265 நோயாளிகளின் முடிவுகள் ஒப்பிடப்பட்டன. நோய் மீண்டும் தோன்றியது கார நூல் முறையில் 4 விழுக்காடு, அறுவை மருத்துவத்தில் 11 விழுக்காடு. ஆனால் புண் ஆற முன்னதில் 8 வாரமும் பின்னதில் 4 வாரமும் தேவைப்பட்டன.

குறைகளும் எச்சரிக்கையும்

நூல் மாற்றும்போது வலியும் எரிச்சலும் உண்டாகும். காசநோய், புற்றுநோய், குரோன் நோய் ஆகியவற்றாலும் இத்தகைய துளைவழிகள் தோன்றலாம் என்பதால் முதலில் காரணத்தைக் கண்டறிதல் இன்றியமையாதது. காய்ச்சலுடன் கூடிய சீழ்க்கட்டிக்கு உடனடியாகச் சீழை வெளியேற்ற வேண்டும். நூல் அதற்கு மாற்றாகாது. கள்ளிப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். எனவே இதனை வீட்டில் செய்துகொள்ளலாகாது.