சிறிய குழாயும் பெரிய கலனும்

போன பதிவைப் படித்துவிட்டு, "ஆய்வகத்தில் ஜெயித்தது ஆலையில் எப்படி சார் தோற்கும்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

மணலுக்கு அடியிலிருந்து போதிய வேகத்தில் காற்றை ஊதினால், துகள்கள் விலகி, கொதிக்கும் கஞ்சி போலத் ததும்பும். இதுதான் பாய்மப் படுகை. ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் விங்க்லர் கண்ட இந்த வழியில், 1926-இல் லாய்னாவில் 13 மீட்டர் உயரக் கலனில் நிலக்கரியை வாயுவாக்கினார்கள். 1942-இல், போர்க்காலத்தில், அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் ஆலை இதே முறையில் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுத்தது.

அந்தத் தெம்பில் டெக்சஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில்லில் ஹைட்ரோகால் ஆலை எழுந்தது. இயற்கை வாயுவிலிருந்து பெட்ரோல் செய்வது திட்டம்; இரும்புத் தூள் வினையூக்கி. ஒடுங்கிய சோதனைக் குழாயில் வாயு ஏறக்குறைய முழுவதும் மாறியது. ஆலையின் கலன் சுமார் 5 மீட்டர் அகலம். 1950-களின் தொடக்கத்தில் ஓட்டிப் பார்த்தால், மாற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது!

ஏன்? படுகையில் வாயுவின் ஒரு பகுதி குமிழிகளாக ஏறும். குழாயில் குமிழி சுவரைத் தாண்டிப் பெருக முடியாது. அகன்ற கலனில் தடுக்க ஆளில்லை. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கும். குமிழியின் விட்டம் 4 மடங்கானால் அது ஏறும் வேகம் 2 மடங்காகும். உள்ளிருக்கும் வாயு, தூளைச் சரியாகத் தொடாமலே வெளியேறிவிடும்.

அடித்தட்டும் அப்படித்தான். அதன் துளைகளைக் கடக்கக் காற்று சற்றுச் சிரமப்பட வேண்டும். சுலபமாக விட்டால் ஒரு பக்கம் பீறிடும். மறுபக்கம் தூள் அசையாமல் கிடக்கும்.

1957-இல் ஆலை மூடப்பட்டது. இயற்கை வாயு விலை ஏறியதும் ஒரு காரணம். கேம்பிரிட்ஜின் டேவிட்சனும் ஹாரிசனும் 1963-இல் எழுதிய நூல் குமிழிகளுக்குத் தெளிவான கணக்கு தந்தது. 1990-களில் தென்னாப்பிரிக்காவின் சசோல் நிறுவனம் 8 மீட்டர் அகலக் கலனில் இதே வகை வேலையைச் செய்து காட்டியது.

ஆக, தூளின் குணம் தூளில் மட்டும் இல்லை. அதை வைத்திருக்கும் கலனிலும் பாதி இருக்கிறது. பாய்லர், சிமென்ட், மருந்து ஆலைகளில் இருக்கும் என் பிள்ளைகள், நீங்கள் கண்டதைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.