எரிந்த வண்டியும் ஆய்வாளரின் ஐயமும்: அமெரிக்கத் தீ ஆய்வில் தீவைப்பு அடையாளங்கள் சரிந்த வரலாறு

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் எனப்படுவது படப்பிடிப்புத் தளங்களில் நாம் பார்க்கும் கேரவனுக்கு நெருங்கிய உறவு. எஞ்சின், பெட்ரோல் அல்லது டீசல் தொட்டி, எரிவாயு உருளை, 12 வோல்ட் பேட்டரிகள், வீட்டு மின்சார இணைப்பு, அடுப்பு, ஃபிரிட்ஜ், மெத்தைகள் என எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். சுவர்கள் மெல்லிய ஒட்டுப்பலகையாலும் நுரையாலும் ஃபைபர்கிளாஸாலும் ஆனவை. அது தீப்பிடித்தால் அடிச்சட்டமும் அச்சுகளும் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஆய்வாளர் அந்தச் சாம்பலைக் கிளறிவிட்டு ‘வேண்டுமென்றே வைத்த தீயாக இருக்கலாம்’ என்று எழுதினால் இழப்பீடு நின்றுபோகும். குற்ற வழக்கும் வரலாம். அந்த ஐயத்தை மறுக்க உரிமையாளருக்கு இன்று கிடைக்கும் வாதங்களில் பெரும்பாலானவை 1980இல் கிடையாது. அவை எப்படி உருவாயின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்கள் அல்லர். தீயணைப்புத் துறையிலும் காவல் துறையிலும் மூத்தவர் சொல்லிக் கொடுத்ததை இளையவர் கேட்டுக்கொண்டார். கண்ணாடியில் சிலந்திவலை போல நுண்விரிசல் இருந்தால் தீ அதிவேகமாகச் சூடேறியது என்று பொருள், ஆகவே பெட்ரோல். மரக்கரி பெரிய, பளபளப்பான செதில்களாக இருந்தாலும் பெட்ரோல். சிமெண்டுத் தரை பொரிந்து பெயர்ந்திருந்தாலும், தரையில் குட்டை வடிவில் தடம் இருந்தாலும், சோபாவின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தாலும் அதே முடிவுதான். 1977இல் அமெரிக்க நீதித்துறையின் கீழ் இருந்த சட்ட அமலாக்க உதவி நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று இவற்றைப் பட்டியலிட்டதோடு, பெரும்பாலானவற்றுக்குப் பரிசோதனை ஆதாரம் இல்லை என்றும் குறிப்பிட்டது. அந்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை. 1980இல் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் கையேடு இதே அடையாளங்களை மறுபடி அச்சிட்டு அரசு முத்திரையையும் கொடுத்துவிட்டது. என் பார்வையில், பின்வந்த அநீதிகளுக்கு அந்தக் கையேட்டின் பங்கு சிறிதல்ல.

வண்டிகளுக்கு இந்தப் பாடம் சற்று மாறிய வடிவில் வந்தது. இருக்கை ஸ்பிரிங் தொய்ந்தாலோ, அலுமினியம் உருகி வழிந்தாலோ, தரையில் ஓட்டை விழுந்தாலோ யாரோ எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள் என்றார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். முழு வீச்சில் எரியும் எந்த அறையிலும் 800 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதற்குப் பெட்ரோல் தேவையில்லை. பெட்ரோல் தீயைச் சீக்கிரம் பரப்பும். ஆனால் அதன் சுடர் மரச்சுடரைவிடப் பெரிதாகச் சூடானதல்ல. ஸ்பிரிங் தொய்வதைக் கொண்டு தீவைப்பை முடிவுசெய்ய முடியாது என்பதை 1989இல் டோபின், மான்சன் என்ற இருவர் உலோகவியல் ஆய்வில் காட்டினர். மெதுவான தீயில் நெடுநேரம் கிடந்த ஸ்பிரிங்கும் தொய்ந்துவிடும்.

திருப்புமுனை 1990 அக்டோபரில், ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லின் லைம் தெருவில் நடந்தது. ஒரு வீட்டில் தீப்பற்றி ஆறு பேர் இறந்தனர். தப்பிய வீட்டுக்காரர் மீது கொலை வழக்குப் போட்டார்கள். சிறுவன் ஒருவன் சோபாவில் நெருப்போடு விளையாடியதில் பற்றியது என்றார் அவர். தரையில் இருந்த தடத்தைக் காட்டி, பெட்ரோல் ஊற்றியிருக்கிறார் என்றது அரசுத் தரப்பு. அரசுத் தரப்புக்காக வந்த நிபுணர்கள் ஜான் லென்டினியும் ஜான் டெஹானும்; இருவருக்கும் அவர் குற்றவாளி என்ற எண்ணமே இருந்தது. அதே தெருவில் அதே அமைப்பில் கட்டிய, இடிப்பதற்கிருந்த வீடு ஒன்று கிடைத்தது. அதில் ஒரே மாதிரிச் சோபாவும் கம்பளமும் வைத்து, பெட்ரோல் இல்லாமல் சோபாவுக்கு மட்டும் தீ வைத்தார்கள். அறை முழுவதும் பற்ற 15 முதல் 20 நிமிடம் ஆகும் என்று கணித்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் பற்றிவிட்டது. தரையில் பெட்ரோல் ஊற்றியது போன்ற தடங்களும் விழுந்தன. வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

அங்கே நிகழ்ந்ததை ஃப்ளாஷ்ஓவர் என்கிறார்கள். கூரைக்கடியில் சேரும் சூடான புகைப்படலம் கீழ்நோக்கி வெப்பத்தை வீச, அறையிலுள்ள எல்லாப் பொருளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதன்பின் தரையில் விழும் தடங்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்று வந்த வழியே; தீ தொடங்கிய இடம் அல்ல. மோட்டார்ஹோமுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கூரை தாழ்வு, கொள்ளளவு குறைவு, உள்ளே நுரையும் பலகையும் நிறைய. கூரைத் திறப்பு ஒன்று உருகி விழுந்தால் காற்றோட்டம் சட்டென்று மாறிவிடும். வீட்டு அறையிலேயே நம்ப முடியாத தடத்தை இந்தப் பெட்டிக்குள் நம்புவதற்கு இன்னும் குறைவான காரணமே இருக்கிறது.

மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் குன்றுகளில் காட்டுத்தீ பரவி ஆயிரக்கணக்கான வீடுகளை அழித்தது. யாரும் பெட்ரோல் ஊற்றாத தீ என்பதில் ஐயமில்லை. லென்டினி குழு 50 வீடுகளை ஆராய்ந்தபோது, 12 வீடுகளில் நுண்விரிசல் கண்ட கண்ணாடி கிடைத்தது. தொய்ந்த ஸ்பிரிங்கோ பல வீடுகளில் இருந்தது. சூடான கண்ணாடி தண்ணீர் பட்டுக் குளிர்வதால் அந்த விரிசல் வருகிறது என்பதைப் பின்வந்த சோதனைகள் உறுதிசெய்தன. தீவைத்தவன் தடம் என்று நம்பியது தீயணைப்பவர் தடமாக முடிந்தது.

1992இல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘என்.எஃப்.பி.ஏ. 921’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது. கருதுகோளை அமைத்து, அதைத் தரவுகளோடு சோதித்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்றது அது. களத்தில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1998இல் மிச்சிகன் மில்லர்ஸ் எதிர் பென்ஃபீல்ட் என்ற காப்பீட்டு வழக்கில், தீ ஆய்வாளரின் சாட்சியத்தையும் அறிவியல் அளவுகோலால் சோதிக்க வேண்டும் என்று 11ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நிறுவனத்தின் ஆய்வாளர் தம் முடிவுக்கு எப்படி வந்தார் என்று விளக்க முடியாததால் கீழ் நீதிமன்றம் அவர் கருத்தை விலக்கியதையும் ஏற்றது. அந்த வழக்கில் சர்வதேசத் தீவைப்பு ஆய்வாளர் சங்கம் தானாக நுழைந்து, தன் உறுப்பினர்களின் தொழில் ‘குறைந்த அளவே அறிவியல்’, ஆகவே அந்த அளவுகோல் பொருந்தாது என்று வாதிட்டது. தன் உறுப்பினர்களுக்கு எதிராக இதைவிட வலுவான சாட்சியத்தை எவரும் தந்திருக்க முடியாது. 1999இல் கும்ஹோ டயர் வழக்கில் உச்ச நீதிமன்றமே தொழில்நுட்ப நிபுணர் அனைவருக்கும் இந்தச் சோதனை பொருந்தும் என்றது.

இந்த மாற்றம் எல்லோரையும் காப்பாற்றவில்லை. டெக்ஸஸின் கோர்சிகானாவில் 1991இல் வீட்டுத் தீயில் மூன்று மகள்களை இழந்த கேமரன் டாட் வில்லிங்ஹாம், பழைய அடையாளங்களை நம்பிய சாட்சியத்தால் தண்டிக்கப்பட்டு 2004 பிப்ரவரியில் மரண ஊசிக்கு ஆளானார். 2009இல் மாநிலத் தடயவியல் ஆணையத்துக்காக ஆராய்ந்த கிரெய்க் பேய்லர், அந்தத் தீவைப்பு முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதினார்.

கடைசியாக விழுந்தது மோட்டார்ஹோம் வழக்குகளுக்கு மிக முக்கியமான முறை. விபத்துக் காரணங்கள் ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டே வந்து, எதுவும் மிஞ்சாவிட்டால் ‘ஆகவே தீவைப்பு’ என்று முடிப்பது வழக்கம். சான்று ஏதும் கையில் இல்லாததையே சான்றாக்கும் இந்த முறையை 921 தன் 2011 பதிப்பில் அறிவியல் முறைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கியது. காரணம் தெரியாவிட்டால் ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்றே எழுத வேண்டும்.

இந்த முறையின் ஓட்டையை ஃபிரிட்ஜைப் போல் வேறெதுவும் காட்டவில்லை. பல மோட்டார்ஹோம்களில் உறிஞ்சுமுறை ஃபிரிட்ஜ் இருக்கும். அதில் கம்ப்ரஸர் இல்லை. அம்மோனியாக் கரைசலை எரிவாயுச் சுடரோ மின்சூடேற்றியோ கொதிக்கவைக்கும். குழாய்க்குள் அழுத்தத்தில் ஹைட்ரஜனும் இருக்கும். கொதிகுழாயில் களைப்பு விரிசல் விழுந்தால், எரியக்கூடிய கசிவு நேராகச் சுடரருகே வந்து சேரும். 2006இல் டொமெடிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரிட்ஜ்களை இந்தக் குறையால் திரும்ப அழைத்தது. 2010இல் நோர்கோல்ட் தன் 1200 வரிசையைத் தீ அபாயத்தால் திரும்ப அழைத்தது. இந்தக் குறை தெரியாத 2003ஆம் ஆண்டு ஆய்வாளர் ஒருவர், ஃபிரிட்ஜ் சரியாகத்தான் ஓடியது என்று பட்டியலில் அடித்துவிட்டுத் தீவைப்பு என்று எழுதியிருந்தால், அவர் முறைப்படி நடந்துகொண்டே தவறியிருப்பார். அவர் அறிந்திருந்த காரணங்களைத்தான் அவரால் விலக்க முடியும்.

பொருட்கள் எரியும் வேகம் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வண்டி உட்புறப் பொருட்களுக்கான அமெரிக்க விதி 302, நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என்கிறது. இவ்வளவு மெதுவாக எரிய வேண்டியது சில நிமிடத்தில் சாம்பலானால் சந்தேகம்தானே என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சோதனை, படுக்கையாக வைத்த சிறு துண்டைச் சிறு சுடரால் சோதிப்பது. மேலே சூடான புகை நிறைந்த பெட்டியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் பெட்ரோல் தடயம் கிடைத்தாலும் அது தானாகக் குற்றச்சான்று ஆகாது. பெட்ரோல் தொட்டியுள்ள வண்டியில் பெட்ரோல் இருக்கத்தான் செய்யும். மோப்ப நாய் காட்டிய இடம், ஆய்வுக்கூடம் உறுதிசெய்யாத வரை சான்றல்ல என்று 921 1996லேயே திருத்தம் கொண்டுவந்தது.

காப்பீட்டுக்காக வண்டியைக் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், சந்தேகமில்லை. கடன் தவணை நின்றது, வண்டி விற்காமல் கிடந்தது என்பவை நோக்கத்தைப் பற்றிப் பேசும். தீ எங்கே, எதனால் தொடங்கியது என்பதைப் பற்றிப் பேசாது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததுதான் பழைய அறிக்கைகளின் பெருந்தவறு. உரிமையாளர் கடனில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு பார்த்தால் எந்தக் கரியும் பெட்ரோல் தடமாகவே தெரியும். 2005இல் லாஸ் வேகாஸில், ஃப்ளாஷ்ஓவருக்குப் பின் ஓரிரு நிமிடம் எரியவிட்ட அறைகளைக் காட்டி, தீ தொடங்கியது எந்தக் கால்பகுதியில் என்று 53 ஆய்வாளர்களைக் கேட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் நான்கில் ஒருவர் சரியாகச் சொல்லியிருப்பார்.

ஆகவே, ஐயத்துக்கு ஆளான உரிமையாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, எரிந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போகவிடாமல் தடுப்பதே. ஃபிரிட்ஜின் கொதிகுழாயையும் மின்கம்பிகளையும், காப்பீட்டாளரும் தயாரிப்பாளரும் தம் தரப்பு நிபுணரும் ஒரே நேரத்தில் நின்று பிரித்துப் பார்க்கும்படி எழுத்தில் கோர வேண்டும். அந்தச் சோதனை நடக்காமல் ‘வேறு காரணங்கள் விலக்கப்பட்டன’ என்று எழுதும் அறிக்கையை நீதிமன்றம் ஏற்கத் தேவையில்லை.